வீட்டில் உள்ள நூல்களுக்கான விதிகள்

எதிர்வீட்டு அனிதா மேரி தன் வாசற்கதவைப் பகலில் சாத்தி, இந்த மே மாசத்தில் இரண்டு வருஷம் ஆகப் போயிருந்தது. சாத்தக் கூடாது என்று விதி இருந்தது. அந்த விதியைக் கம்ப்யூட்டரில் அடித்தவன் நான். பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, ஆணியும் சுத்தியலுமாகப் போய் அவள் வீட்டு முன்னறைச் சுவரில் மாட்டிக் கொடுத்தவனும் நான்தான். அன்றைக்கு அவள் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

என் பெயர் அழகேசன். பிறந்தது வேப்பந்தட்டைப் பக்கம். பிழைக்க வந்தது வரதராசன்பேட்டைக்குத் தெற்கே முந்திரிக்காட்டுக்குள் இருக்கிற இந்த அருளப்பர்குடிக்கு. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரே வேதக்கார ஊர், தெருவுக்குத் தெரு சிலுவை. நான் ஒருத்தன் திருநீறு பூசிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாலும் ஒருத்தரும் வேற்றாளாக நினைத்ததில்லை. சூசையப்பர் வாசகசாலைக் கமிட்டியிலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நோட்டீஸ் அடிக்க ஆள் வேண்டுமே, அதற்காகத்தான்.

வாசகசாலை என்றால் ஓட்டுக் கட்டடம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் உத்திரம் முறிந்து பாதிக் கூரை உள்ளே இறங்கிவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்களை எடுத்துவந்து, முந்திரிக்கொட்டை காயவைக்கிற களத்தில் பரப்பி, நாலு நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்தோம். காய்ந்தபிறகுதான் கேள்வி வந்தது, எங்கே வைப்பது?

கோயிலில் சாமான் அறை ஒன்று இருந்தது. அகராதி, வேதாகம விளக்கம், வரலாறு என்று தடித்தடியாக இருந்தவை அங்கே போயின. சிறுவர் புத்தகங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. மீதி, அதாவது ஜனங்கள் நிஜமாகவே எடுத்துப் படிக்கிற கதைப் புத்தகம், பரீட்சை கைடு, சமையல், வைத்தியம், எல்லாம் நின்றுபோனது. கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் தலையைச் சொறிந்தார்கள். அப்போது செயலாளர் லூர்துராஜ் எழுந்து, "எங்க வூட்டு முன்னறை சும்மாதான கெடக்கு, அங்க வச்சுக்கலாம்" என்றான். எல்லோரும் கைதட்டினோம். அவன் மனைவி அனிதா மேரி கூட்டத்துக்கு வரவில்லை. வாசலில் டிராக்டர் வந்து நின்றபோதுதான் அவளுக்குத் தெரியும்.

தலைவர் ஆண்டவர் சார் ரிட்டையர்டு தலைமையாசிரியர். விதி இல்லாமல் அவரால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. இடத்துக்கு இடம் விதி போட்டார். கோயிலில் உள்ளவை ஞாயிறு பூசைக்குப் பிறகு அங்கேயே உட்கார்ந்து படிக்க மட்டும், வெளியே போகக் கூடாது. பள்ளியில் உள்ளவை பிள்ளைகளுக்கு மட்டும், லீவில் கிடையாது. வீட்டில் உள்ளவை ஊரார் யாருக்கும், பதினைந்து நாளைக்கு, தினமும் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. வீட்டில் பொறுப்பான ஆள் ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு புத்தகம் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தின் விதிதான் அதற்கு. இடம் மாற்றக் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் கையெழுத்துப் போதும். விதியைத் திருத்துவதென்றால் மார்ச்சில் சூசையப்பர் திருநாள் பொதுக்கூட்டத்தில்தான் திருத்த வேண்டும். நான் அடித்துக் கொடுத்தேன். படிக்க ரொம்ப அழகாக இருந்தது.

பொறுப்பான ஆள் என்று எழுதினோமே, அது யார்? லூர்துராஜுக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்டு பேக்டரியில் லோடிங் செக்சன் வேலை. ஜெயங்கொண்டம் வரை வண்டியில் போய் அங்கிருந்து ஷிப்டு வேன் பிடிப்பான். வந்தால் தலையெல்லாம் சாம்பலாக வருவான், குளிப்பான், தூங்குவான். மகள் நாலாம் வகுப்பு. ஆக, ஆள் யார் என்று கூட்டத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என் கடையில் உட்கார்ந்தால் அவள் முன்னறை நேராகத் தெரியும். கோடை வந்தால் முந்திரி உடைக்கிற வேலை வீட்டுக்கு வீடு வரும். மற்ற பெண்கள் தெருமுனை ஜெபமாலை அக்கா வீட்டுக் கொட்டகையில் நாலைந்து பேராக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே உடைப்பார்கள். அனிதா மேரி புத்தக அலமாரிகளுக்கு நடுவில் தனியாகச் சாக்கு விரித்து உட்கார்ந்து உடைப்பாள். வறுத்த கொட்டையின் ஓட்டுப்பால் பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும். கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு, கொட்டையை நிறுத்திப் பிடித்து, கட்டையால் ஒரு தட்டுத் தட்டுவாள். நாலு கொட்டை உடைப்பதற்குள் வாசலில் யாராவது.

"அனிதாக்கா, அந்தப் பேய்க் கதை ரெண்டாம் பாகம் வந்துருச்சா?"

எழுந்து, கையைக் கழுவி, துடைத்து, தேடி எடுத்து, நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் சாம்பல் பூச வேண்டும். எத்தனை கழுவினாலும் கறை போகுமா? நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அவள் விரல் கருப்பாகப் பதிந்திருக்கும். அதற்கும் ஆண்டவர் சார் ஒருநாள், "நோட்ட சுத்தமா வச்சுக்கம்மா" என்றார்.

குளிக்கப் போனால் ஆள் வரும். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது ஆள் வரும். மத்தியானம் கண் அசந்தால் ஆண்டவர் சாரே வருவார், பேப்பர் படிக்க. அவர் வீட்டிலும் பேப்பர் வருகிறது. ஆனால் இங்கே பேன் நன்றாகச் சுற்றும். பாத்ரூமிலிருந்து "இருங்க வரேன், இருங்க வரேன்" என்று அவள் கத்துவது என் கடைக்குக் கேட்கும். கதவு திறந்தே கிடப்பதால் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசுவதும் தெருவுக்கே கேட்கும். சண்டை போடவும் அவர்களுக்குக் கதவு இல்லை.

போன வருஷம் ஏலாக்குறிச்சியில் இறந்துபோன அவள் அம்மாவுக்கு வருஷப் பூசை. காலையில் போய் இரவு தங்கி வரலாம் என்று போனாள். மத்தியானம் யாரோ வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துக் கமிட்டிக்குப் புகார் எழுதினார்கள். அந்தப் புகாரையும் என் கடையில்தான் அடித்தார்கள். லூர்துராஜ் போன் பண்ண, அவள் சோறு தின்ற கையோடு பஸ் ஏறிவிட்டாள். அதன்பிறகு அம்மா வீட்டுக்குப் போகவே இல்லை.

என் மனைவி பாப்பாத்தி அப்போதே சொன்னாள். "ஆடு மாட்டக்கூட மேய அவுத்து வுடுவாங்க. எதுத்த வூட்டுப் பொம்பளைய இப்படி மொளக்குச்சில கட்டிப்போட்டீங்களே, நல்லாருப்பீங்களாய்யா?"

"நானா கட்டினேன்? விதி, புள்ள."

"விதிய அடிச்சது எவன்?"

அவளோடு பேச முடியாது. எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

இந்த மே மாசம் கடைசி வாரம் அனிதா மேரி கடைக்கு வந்தாள். தன் வீட்டு வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள்.

"அண்ணே, இதுல ரெண்டு செட்டு எடுத்துக் குடுங்க. சீக்கிரம்ணே, யாராச்சும் வந்துருவாங்க."

லேப் டெக்னீசியன் டிப்ளமோ சர்ட்டிபிகேட். பெரம்பலூரில் படித்தது. திருச்சியில் மூன்று வருஷம் ஒரு லேபில் வேலை பார்த்ததற்கான கடிதம். எனக்கு ஆச்சரியம். எட்டு வருஷமாக எதிரில் இருக்கிறாள், இது எனக்குத் தெரியாது.

"ஏம்மா, நீ ரத்தம் டெஸ்ட் பண்றவளா?"

"ஆமாண்ணே. ஜெயங்கொண்டத்துல புது லேப் தொறக்கறாங்க. கூடப் படிச்ச சுகன்யா மேரிதான் இன்சார்ஜு. ஜூன் ஒன்னாந்தேதி வந்து சேந்துருடி, வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு சொல்லிட்டா."

"போக வேண்டியதுதான?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "காலைல ஏழு மணி பஸ்சுக்குப் போனா சாயங்காலம் ஆறுக்கு வருவேன். கதவ யாருண்ணே தொறந்து வைக்கறது?"

நான் மெஷினுக்குள் தாளைத் திணித்துக்கொண்டு நின்றேன். அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"கண்ணாடிச் சில்லுல ஒரு சொட்டு வச்சு மைக்ராஸ்கோப்புல பாப்பேண்ணே. மலேரியாக் கிருமிய நான் ரெண்டு தடவ கண்டுபுடிச்சிருக்கேன். டாக்டரே தோளத் தட்டிக் குடுத்தாரு. இப்ப என் கையப் பாருங்க." கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் கருத்து உரிந்திருந்தது. "இந்தக் கையால ஊசி புடிக்க முடியுமான்னு பயமா இருக்கு. இந்தத் தடவ வுட்டேன்னா அவ்வளவுதாண்ணே. அப்புறம் என்னை எவனும் கூப்புட மாட்டான்."

எதிரே யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள். கவரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

வந்திருந்தது ஆர்த்தி. பக்கத்துக் காலனித் தெருவில் வாக்கப்பட்டு வந்த பெண், பி.ஏ. படித்தவள். அரசாங்க வேலைக்கான குரூப் ஃபோர் பரீட்சைக்குத் தயார் செய்கிறாள். பதினைந்து நாளுக்கு ஒரு கைடாக எடுத்துப்போய், மாமியாரின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து படிப்பாள். ஒருநாள் நான் கேட்டேன், "ஏம்மா, எல்லாம் போன்லயே வருதே, அதுல படிக்கலாமே" என்று.

"போன எடுத்தா, 'எவங்கிட்டடி பேசற'ன்னு வூட்ல கேக்கறாங்கண்ணே. புஸ்தகம்னா ஒன்னும் சொல்றதில்ல. மகாலச்சுமி மாதிரி இருக்கான்னு அக்கம்பக்கத்துல பெருமைகூடப் பேசறாங்க" என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலம் லூர்துராஜ் ஷிப்டு முடிந்து வந்ததும் எதிர்வீட்டில் பேச்சு எழுந்தது. நான் ஷட்டரை இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒன்னாந்தேதின்னா இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு. நீ இப்ப வந்து சொன்னா?"

"முன்னாடி சொல்லியிருந்தா மட்டும்?"

"அனிதா, நான் வேணாங்கல. வேலைக்குப் போ, சந்தோசம். ஆனா லைப்ரரிய என்ன பண்ண சொல்ற?"

"வேற யாரு வூட்லயாச்சும் வைக்கச் சொல்லுங்க."

"யாருட்ட எடம் இருக்கு?"

"நம்மட்ட மட்டும் இருந்துச்சா? பாப்பா அலமாரிக்கு நடுவுல படுத்துத் தூங்குது. மழ பேஞ்சா, புஸ்தகத்துல ஈரம் படக் கூடாதுன்னு துணியெல்லாம் வெளிலயே கெடந்து நனையுது."

பிறகு அவன் குரல் இறங்கிப்போய் வந்தது. "எங்கப்பா சுண்ணாம்புக்கல் கொவாரில கல்லு ஒடச்சவரு. கைநாட்டு. அவரு பெத்த புள்ள வூட்ல இன்னைக்கு ஊரே வந்து புஸ்தகம் வாங்கிட்டுப் போவுது. ரோட்ல போனா லைப்ரரி லூர்துன்னு கூப்புடறாங்க. அத என்னால வுட முடியல அனிதா. ஊருக்காகத்தான செய்யறோம்."

"செய்யறது நீங்க. உக்காந்திருக்கறது நான்."

"மார்ச்சுல கூட்டத்துல பேசி மாத்திரலாம். சத்தியமா."

"மார்ச்சுல அந்த வேல இருக்காதுங்க." அவள் அழுதாள். உடனே, "வாங்கம்மா, என்ன புஸ்தகம்?" என்ற அவள் குரல் கேட்டது. யாரோ வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேடி எடுத்துக் கொடுத்திருப்பாள்.

லூர்துராஜ் கெட்டவன் இல்லை. மறுநாளே கமிட்டியைக் கூட்டினான். கோயில் வராந்தாவில் உட்கார்ந்தோம். அனிதா மேரியும் வந்தாள், தூணோரமாக நின்றாள். பத்து நிமிஷம் கதவு திறந்திருக்கப் பாப்பாவை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஆண்டவர் சார் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப நல்ல விசயம்மா. பொம்பளைங்க முன்னேறணும். ஆனா நூல்கள் ஜனங்களுக்குக் கெடைக்கிற ஒரே எடம் உங்க வீடு. இடையில திருத்தம் பண்ண விதியில எடமில்ல. ஒரு வருசம் பொறுத்துக்க."

"சார், உங்க வூட்ல வைக்கலாமே. பெரிய ஹாலு இருக்கே."

"எனக்கு பிபிம்மா. ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தா ஒத்துக்காது."

கோயில்பிள்ளை மரிய செல்வத்தைப் பார்த்தாள். அவருக்கு மணி அடிக்க வேண்டும், பூசைக்கு எடுத்துவைக்க வேண்டும், பன்றி வேறு வளர்க்கிறார். முந்திரி வியாபாரி ஒருத்தர், தன் வீட்டில் மருமகள் புதுசு என்றார். ஒவ்வொருத்தரும் அவளைப் புகழ்ந்துவிட்டுத்தான் மறுத்தார்கள். உன்னை மாதிரி யாராலும் பார்த்துக்க முடியாதும்மா என்றார்கள். அது உண்மைதான். நானும் தலையை ஆட்டினேன்.

அவள் திரும்பி நடந்தாள். கையில் கிடந்த கண்ணாடி வளையலைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே போனாள்.

அதற்கு இரண்டாம் நாள் காலை, லூர்துராஜ் வேலைக்குப் போனதும் கடைக்கு வந்தாள். கையில் அந்த லேமினேட் தாள். ஆணியோடு பிடுங்கியிருந்தாள்.

"அண்ணே, இதுல எழுதியிருக்கறதப் படிங்க. புஸ்தகம் எந்த எடத்துல இருக்கோ அந்த எடத்து விதின்னு போட்டிருக்கில்ல?"

"ஆமா."

"எல்லாத்தையும் கோயில் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா? அப்ப என் வூட்ல புஸ்தகமே இல்ல. வூட்டுக்கு விதியும் இல்ல. கதவு சாத்திக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் அத்தனை பேர் உட்கார்ந்து போட்ட விதி. அதில் இப்படி ஒரு வழி இருந்தது எங்களில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

"கொஞ்சம் மட்டும் வச்சுக்கயேம்மா, பரீட்சை கைடு மாதிரி..."

"ஒரு புஸ்தகம் இருந்தாலும் அது லைப்ரரிதாண்ணே. கதவு தொறந்திருக்கணும். நான் யோசிச்சுட்டேன். இடம் மாத்த ஒரு மெம்பர் கையெழுத்து வேணும். நீங்க மெம்பரு." பேனாவைக் கவுண்டரில் வைத்தாள். "போடுங்கண்ணே. நாளக்கழிச்சு ஒன்னாந்தேதி."

போட்டேன். வீரம் ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். போதாததற்குப் பாப்பாத்தி பின்னால் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாத்தியும் அவளும் சாக்குச் சாக்காகக் கட்டினார்கள். என் டிவிஎஸ் வண்டியில் ஏற்றி நான் ஓட்டினேன். அடித்த வெயிலில் செம்மண் ரோடு கண்ணைக் கூசவைத்தது. பத்தொன்பது நடை. மரிய செல்வம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட தாளை மூன்று தடவை படித்துவிட்டுக் கதவைத் திறந்தார். கடைசி நடை முடிந்தபோது மணி மூன்று. அனிதா மேரி காலி அறையைப் பெருக்கினாள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். அப்புறம் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்தேன். பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

லூர்துராஜ் வந்து கதவைத் தட்டினான். தன் வீட்டுக் கதவைத் தட்டி அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்பதுபோல ஒருதரம் அண்ணாந்து பார்த்தான். உள்ளே போனவன் சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். கதவு சாத்தியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"நீங்களும் சேந்துக்கிட்டீங்களா அழகேசண்ணே?"

"தப்பா நெனைக்காத தம்பி."

"என்னைக் கேக்காமப் பண்ணிட்டாளே. அத நெனச்சாத்தான் ஒரு மாதிரி இருக்கு. ஏன்டின்னா, டிராக்டர் வந்தப்ப நீங்க என்னைக் கேட்டீங்களாங்கறா." தரையைப் பார்த்தான்.

நாலு நாள் அவளோடு பேசாமல் இருந்தான். ஐந்தாம் நாள் பாப்பாவுக்குத் தலை பின்னத் தெரியாமல் பின்னிக்கொண்டு வாசலில் நின்றான். ஆண்டவர் சார் குதித்தார், கூட்டம் போட வேண்டும் என்றார். விதிப்படி தப்பு இல்லை, பகலில் ஆள் இல்லாத வீட்டுக்குப் புத்தகத்தைத் திருப்பவும் முடியாது என்பதால் மார்ச் வரை அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அனிதா மேரி ஏழு மணி பஸ்சில் போனாள், ஆறு மணி பஸ்சில் வந்தாள். இறங்கி வரும்போது நடையே வேறாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் இரண்டாம் வாரம் ஆர்த்தி பழைய கைடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தது எடுக்க வந்தாள். பச்சைக் கதவு சாத்திக் கிடந்தது. கடைக்கு வந்து கேட்டாள். சொன்னேன்.

"கோயில்லயா? ஞாயித்துக்கெழம மட்டுமா? அங்கயே உக்காந்துதான் படிக்கணுமா?" அவள் முகம் சுண்டிவிட்டது. "எங்க மாமியா வெளில உக்காந்து படிக்க வுடாதுண்ணே. அதுவும் வேதக்காரங்க கோயிலுக்குன்னா காலை ஒடச்சுப் போடும். பரீட்சைக்கு இன்னும் இருபத்தாறு நாளுதான். இதுதான் எனக்குக் கடேசி. இந்தத் தடவ பாஸ் பண்ணலன்னா, புள்ளையப் பெத்துக்கிட்டு வூட்டோட கெடன்னு சொல்லிட்டாங்க."

நான் கோயில்பிள்ளையிடம் போனேன். ஒரு மணி நேரம் கொடு, ஜெராக்ஸ் போட்டுத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

"வெளிய போகக் கூடாதுங்க."

"யோவ், பாவம்யா அந்தப் புள்ள."

"நீங்கதான அடிச்சுக் குடுத்தீங்க? கொட்ட எழுத்துல போட்டிருக்கு. நாளைக்கு ஆண்டவர் சார் என் சீட்டக் கிழிச்சா நீங்க வருவீங்களா?" என்றபடி பன்றிக்குத் தவிடு கரைக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆர்த்தி ஆட்டை ஓட்டுகிற சாக்கில் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டாள். அனிதா மேரி வெள்ளைக் கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பால் வாங்கப் போன நான் இருவரையும் பார்த்து அங்கே போனேன். நல்ல மனசோடுதான் போனேன்.

"அக்கா, ஒரு பத்துப் புஸ்தகத்த மட்டும் வூட்ல கொண்டாந்து வச்சா..." என்று ஆர்த்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அனிதா மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ராப்பகலா உன் நெனப்புதான்டி. அன்னைக்கு மூட்ட கட்டறப்ப உன்னை நெனச்சேன். நெனச்சுட்டே கட்டினேன். என்னை மன்னிச்சுக்க."

நான் குறுக்கே புகுந்தேன். "ஏம்மா அனிதா, ஒரு மாசம் லீவு கேட்டுப் பாரேன். அந்தப் புள்ள பரீட்சை முடியற மட்டும். நீதான் மனசு வச்சா..."

அவள் திரும்பினாள். எட்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"அண்ணே, நீங்க கடைய எப்பத் தொறக்கறீங்க?"

"ஏன்? காலைலதான்."

"எப்ப சாத்துவீங்க?"

"ராத்திரிதான்."

"ரெண்டு வருசமா எதுத்தாப்புல உக்காந்திருக்கீங்க. நாற்காலி இருக்கு, பேனு இருக்கு, ரேக்கு பாதி காலியாக் கெடக்கு. பகல் பூரா நீங்க எங்கயும் போறதில்ல. கோயில் வராந்தாவுல ஒவ்வொருத்தரா முகத்தத் திருப்பினப்ப, நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு உங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னேண்ணே. நீங்களும் அவங்களோட சேந்து தலைய ஆட்டினீங்க."

"அது வந்து... கடைன்னா மை, தூசி, ஆளுங்க வந்து போற எடம்..."

"என் வூட்டுக்கு ஆளு வரலையா?"

நான் பால் தூக்கைக் கை மாற்றினேன். பாப்பாத்தியை உட்கார வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை அந்த நேரத்திலும் வந்தது. அதை அனிதா மேரி என் மூஞ்சியிலேயே படித்துவிட்டாள்.

"அண்ணிய உக்கார வைக்கக் கூடாது. நீங்க உக்காரணும்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. புழுதி அடங்கும் மட்டும் நானும் ஆர்த்தியும் நின்றோம். ஆடுகள் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தன. இன்றைக்கே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், என் கையெழுத்துத்தான், புத்தகம் வீட்டு விதியோடு கடைக்கு வந்துவிடும். எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை சின்ன வேலையா இது?

"கடைக்கே வந்து எடுத்துக்கம்மா" என்றேன்.

"எத்தன மணிக்குண்ணே வரட்டும்?" ஆர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஆடு ஓட்டறப்பதான் வர முடியும். சில நாளு காலைல, சில நாளு மத்தியானம். எப்பன்னு என்னால சொல்ல முடியாது. நீங்க இருப்பீங்கள்ல?"

"இருப்பேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வேப்பந்தட்டையில் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம், நான்தான் முன்னால் நிற்க வேண்டும். அது அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.